மறந்துபோன வீட்டு சூப்பை மீட்டெடுப்பது எப்படி

வாராவாரம் வீட்டில் வைத்த ஒரு சூப், அதை வைத்தவரோடு சேர்ந்து போய்விடுவது பல குடும்பங்களில் நடக்கிறது. மிஞ்சுவது ஒரு துண்டுச் சீட்டும் அதில் சில பொருட்களின் பெயர்களும்தான். அதைப் பார்த்துச் செய்தால் ஏதோ ஒரு சூப் வருகிறது, அந்த சூப் வருவதில்லை. எங்கள் அத்தையின் கோழி பார்லி சூப்பும் அப்படித்தான் எங்களை விட்டுப் போயிருந்தது. இப்போது அது என் அடுப்பில் வருகிறது. அதைத் தேடிக் கண்டுபிடித்த வழியை எழுதுகிறேன். உங்கள் சூப்பில் வேறு காய், வேறு தானியம் இருக்கலாம், கறியே இல்லாமலும் இருக்கலாம். தேடும் வழி பெரும்பாலும் இதுதான்.

அத்தையின் சீட்டில் இருந்தது இவ்வளவே: கோழி எலும்பு, பார்லி ஒரு கப், கேரட், வெங்காயம், செலரி, மிளகு, உப்பு. எதை முதலில் போடுவது, எவ்வளவு நேரம், எந்தத் தீயில் என்று எதுவும் இல்லை. கைப்பழக்கம் உள்ளவர்கள் தங்களுக்காக எழுதிக்கொள்ளும் குறிப்பு இப்படித்தான் இருக்கும். மறந்துவிடுவோமோ என்று தோன்றுவதை மட்டும் எழுதுவார்கள். கை தானாகச் செய்வதை யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் சீட்டை நம்புங்கள், ஆனால் நீங்கள் தேடும் ருசி சீட்டில் எழுதாத இடத்தில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அடுப்பு பற்றவைக்கும் முன்

முதலில் ஒரு தாளை எடுத்து நினைவில் இருப்பதை எழுதுங்கள். "ரொம்ப ருசியாக இருக்கும்" என்று எழுதினால் எதற்கும் உதவாது. நிறம் என்ன? மேலே எண்ணெய் மிதந்ததா? ஸ்பூனிலிருந்து தண்ணீராக ஓடியதா, மெதுவாக வழிந்ததா? ஆறிய பிறகு உதட்டில் ஒட்டியதா? விழுங்கிய பின் நாக்கில் என்ன மிஞ்சியது? கேரட் முழுசாக இருந்ததா, கரைந்துபோனதா? இப்படிக் கண்ணும் வாயும் கவனித்ததை எழுத வேண்டும்.

நான் எழுதியது இது: செம்பழுப்பு நிறம். மேலே சின்னச் சின்ன எண்ணெய் வட்டங்கள். ஆறினால் உதடு லேசாகப் பிசுபிசுக்கும். குடித்து முடித்ததும் நாக்கின் ஓரத்தில் ஒரு துளி புளிப்பு. இதைச் சீட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது குறைகிறது என்று உடனே தெரிந்துவிடும். அந்தப் பொருட்களைத் தண்ணீரில் வேகவைத்தால் வெளிறிய மஞ்சள்தான் வரும், செம்பழுப்பு வராது. புளிப்பு தரக்கூடிய எதுவும் பட்டியலில் இல்லை. ஆக, குறைந்தது இரண்டு விஷயங்கள் எழுதப்படவில்லை என்று சமைக்காமலே தெரிந்துவிட்டது.

அடுத்து, அந்த சூப்பைக் குடித்தவர்களை, முக்கியமாக அந்தச் சமையலறையில் கூடமாட வேலை செய்தவர்களைக் கேளுங்கள். கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "அத்தை சூப்பில் என்ன போடுவாங்க?" என்று மாமாவிடம் கேட்டால், "எல்லாரும் போடுறதுதாம்மா, எனக்கென்ன தெரியும்" என்றுதான் சொல்வார். சமையலைப் பற்றிக் கேட்காமல் சமையலைச் சுற்றியிருந்த வேலைகளைப் பற்றிக் கேட்டேன். எந்தப் பாத்திரம்? யார் கழுவுவீர்கள்? கழுவக் கஷ்டமாக இருக்குமா? கடையில் என்ன வாங்கிவரச் சொல்வார்கள்? வீட்டுக்குள் வரும்போது முதலில் என்ன வாசனை வரும்?

மாமாவின் முகமே மாறிவிட்டது. "கழுவுறது நான்தானே. அடி கனமான அந்த அகலப் பாத்திரம். அடியில ஒண்ணுமே ஒட்டியிருக்காது. தண்ணி ஊத்துறப்பவே கரண்டியால சுரண்டி விட்டுடுவா. அப்புறம் ஒரு குட்டி டின் தக்காளி பேஸ்ட் எப்பவும் வாங்கியாரச் சொல்லுவா. அன்னைக்கு வச்ச சூப்பை அன்னைக்குத் தரவே மாட்டா, மறுநாள்தான்." ஒரே மூச்சில் மூன்று விடைகள்! எதை எப்படிப் போட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது, ஆனால் அவர் செய்த வேலைகள் அவருக்கு அப்படியே ஞாபகம் இருந்தன. உங்கள் வீட்டிலும் காய் நறுக்கியவர், சாமான் வாங்கியவர், பாத்திரம் தேய்த்தவர் என்று யாராவது இருப்பார்கள். அவர்களை விட்டுவிடாதீர்கள்.

வாசனைக்கு வேறு வழி. ஒரு வாசனையை மனதில் வரவழைப்பது கஷ்டம், எதிரில் வந்தால் அடையாளம் காண்பது எளிது. மூக்கிலிருந்து போகும் செய்தி, நினைவோடும் உணர்ச்சியோடும் தொடர்புடைய மூளைப் பகுதிகளுக்கு மிக நேரடியான பாதையில் போய்ச் சேருகிறது. அதனால் யோசித்துக்கொண்டு உட்கார வேண்டாம். பிரிஞ்சி இலை, தைம், பார்ஸ்லி, மிளகு, ஜாதிக்காய் என்று ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பாருங்கள். இரண்டுக்கு நடுவில் சற்று இடைவெளி விடுங்கள். எனக்குப் பிரிஞ்சி இலையில் மனம் நின்றது. தைமில் ஒன்றும் தோன்றவில்லை, அதோடு அதை ஒதுக்கிவிட்டேன்.

"ஒரு கப்" என்று எழுதியிருந்தால் அந்தக் கப்பைத் தேடுங்கள். அமெரிக்க அளவுக் கப் சுமார் 237 மில்லி, மெட்ரிக் கப் 250, ஜப்பானியக் கப் 200. டேபிள்ஸ்பூன்கூட பல இடங்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. ஆனால் வீட்டுக் குறிப்பில் கப் என்றால் பெரும்பாலும் கைக்கு எட்டிய ஏதோ ஒரு கோப்பைதான். அத்தையுடையதை மாமா இன்னமும் வைத்திருந்தார். கிச்சன் தராசில் வைத்துத் தண்ணீர் நிரப்பினால் 150 கிராம், அதாவது 150 மில்லி. அந்தக் கோப்பை நிறைய பார்லி எடுத்தால் ஏறக்குறைய 125 கிராம். 250 மில்லி கப் என்று எடுத்துக்கொண்டிருந்தால் பார்லி 200 கிராமைத் தாண்டி, சூப் கூழாகியிருக்கும்.

நிறமும் ஆழமும்

வீட்டு சூப்பை மீட்க முயல்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை சாதாரணப் பாத்திரத்துக்குள் சூடு அதற்கு மேல் போகாது. ரொட்டியின் மேல்தோலுக்கும் வறுத்த கறிக்கும் பழுப்பு நிறத்தையும் அந்த மணத்தையும் தரும் மாற்றத்துக்கு மையார் வினை என்று பெயர். 1912இல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையாரின் பெயர் அது. அது வேகமாக நடக்க 140 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். ஆகவே தண்ணீர் ஊற்றிய பிறகு எத்தனை மணி நேரம் கொதிக்கவைத்தாலும் அந்த மணம் வராது. பழுப்பாக வேண்டியதெல்லாம் தண்ணீருக்கு முன்பே பழுப்பாக வேண்டும்.

உங்கள் நினைவில் இருக்கும் சூப் பழுப்போ செம்பழுப்போ என்றால், எலும்பையோ வெங்காயத்தையோ வறுத்துத்தான் தொடங்கியிருக்கிறார்கள். வெளிர் மஞ்சளாகத் தெளிவாக இருந்தது என்றால் வறுக்கவில்லை. எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடேற்றி, மேலே வரும் நுரையை எடுத்திருக்கிறார்கள். வெள்ளையாகக் கலங்கி இருந்தது என்றால் நன்றாகக் கொதிக்க விட்டிருக்கிறார்கள், கொதியில் கொழுப்பு உடைந்து நீரோடு கலந்திருக்கிறது. இப்படி நிறம் மட்டுமே பாதி முறையைச் சொல்லிவிடும்.

மாமா சொன்ன சுரண்டல் இதோடு சேர்ந்தது. எலும்பும் வெங்காயமும் வதங்கும்போது அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டும். சுவை செறிந்து கிடப்பது அதில்தான். ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு மரக்கரண்டியால் சுரண்டினால் அத்தனையும் சூப்புக்குள் வந்துவிடும். கருப்பாகிவிட்டால் மட்டும் கசக்கும், அப்போது பாத்திரத்தை மாற்றிவிடுங்கள். ஒட்டாத பூச்சு உள்ள பாத்திரத்தில் இந்தப் படலம் சரியாகப் பிடிக்காது. பழைய கனமான பாத்திரத்தில் செய்த சூப் புதுப் பாத்திரத்தில் வராமல் போக இது ஒரு காரணம்.

தக்காளி பேஸ்டும் இங்கேதான் வரும். அதைத் தண்ணீரில் கரைத்தால் பச்சை வாசனையோடு புளிப்பு மட்டும் தரும். வதங்கிய வெங்காயத்தோடு போட்டு, சிவப்பு மங்கிச் செங்கல் நிறம் வரும்வரை இரண்டு மூன்று நிமிடம் கிளறினால் இனிப்பும் ஆழமும் வரும். அத்தையின் செம்பழுப்பு அங்கிருந்துதான் வந்தது.

உதட்டில் ஒட்டும் அந்தக் கனம்

சூப்பின் கனம் இரண்டு வகை. எலும்பு, தோல், மூட்டு இவற்றில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் நீண்ட நேர மிதமான சூட்டில் ஜெலட்டினாகக் கரையும். ஆறினால் உதட்டில் ஒட்டுவதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஜெல்லியாக உறைவதும் அதனால்தான். மாவுச்சத்தால் வரும் கனம் வேறு. பார்லி, உருளைக்கிழங்கு, பருப்பு, மாவு இவை ஸ்பூனில் கெட்டியாக நிற்கும், ஆனால் உதட்டில் அப்படி ஒட்டாது. உங்கள் நினைவில் இருப்பது எது என்று பிரித்துப் பாருங்கள்.

ஜெலட்டின் வேண்டும் என்றால் நெஞ்சுக்கறியால் பயனில்லை. கழுத்து, முதுகெலும்பு, இறக்கை, கால் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். கோழிக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம், ஆங்காங்கே ஒரு குமிழி எழும் அளவுக்கான சிறு தீ போதும். மாட்டு எலும்புக்கு இன்னும் பல மணி நேரம் கூடுதலாக வேண்டும். பிரஷர் குக்கர் உள்ளே சுமார் 120 டிகிரி வரை சூடேறுவதால் கோழி எலும்புக்கு முக்கால் மணி நேரம் போதும். உங்கள் வீட்டில் குக்கரில்தான் வைத்தார்கள் என்றால் நீங்களும் குக்கரிலேயே வையுங்கள். மூடிய பாத்திரத்தில் ஆவியோடு போகும் மணம் குறைவு, நீரும் வற்றாது. அகலமான திறந்த பாத்திரத்தில் செய்தவர்களின் சூப் வற்றிச் செறிந்திருக்கும். அதனால் பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம் என்பதும் ஒரு அளவுதான்.

எதுவோ குறைகிறது என்னும்போது

எல்லாம் சரியாகச் செய்தும் ருசி தட்டையாக இருக்கிறது என்றால், கடையில் சிறு கட்டியாகக் கிடைக்கும் சூப் க்யூபை நினைத்துப் பாருங்கள். மேகி, ஆக்ஸோ என்ற பிராண்டுகளில் மேகி 1908லும் ஆக்ஸோ 1910லும் க்யூபைக் கொண்டுவந்தன. அதற்குப் பிறகு சமைத்த பல தலைமுறைகளின் வீட்டு சூப்பில் ஒரு க்யூப் இருந்திருக்கலாம். அதை ஒரு பொருளாகவே கருதாததால் எழுதாமல் விட்டிருப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அந்த சூப்பின் ருசி அதுதான். அதே 1908இல்தான் டோக்கியோவில் கிக்குனே இக்கேடா என்ற வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து அதன் ஆழமான சுவைக்குக் காரணமான குளூட்டமேட்டைப் பிரித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். க்யூப், சோயா சாஸ், காய்ந்த காளான், பழைய சீஸ், வதக்கிய தக்காளி பேஸ்ட் எல்லாம் சூப்புக்குத் தருவது அந்தச் சுவையைத்தான். ஒன்றைப் போட்டால் உப்பைக் குறையுங்கள். க்யூபில் ஏறக்குறைய பாதி உப்புதான்.

உப்புக்கு நான் வைத்திருக்கும் அளவு ஒரு லிட்டர் சூப்புக்கு 8 முதல் 10 கிராம். தூள் உப்பு என்றால் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம், கல் உப்பில் குறைவாகத்தான் பிடிக்கும். கொதிக்கக் கொதிக்கச் சுவைத்து உப்பு போடாதீர்கள், குடிக்கும் சூட்டில் பார்த்துப் போடுங்கள். கூடிப்போனால் உருளைக்கிழங்கு போட்டு உப்பை இழுத்துவிடலாம் என்பதை நான் நம்புவதில்லை. தண்ணீரோ உப்பில்லாத ஸ்டாக்கோ (எலும்பை வேகவைத்து வடிகட்டிய சாறு) சேர்ப்பதுதான் வழி.

இப்போது நான் இந்த முழு முயற்சியிலும் அதிகம் நம்பும் வேலைக்கு வருகிறேன். பாத்திரத்தில் எதையும் சேர்க்காதீர்கள். சூப்பை 200 மில்லி வீதம் நாலைந்து கிண்ணங்களில் எடுத்து, ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றில் ஒரு சிட்டிகை உப்பு, ஒன்றில் சில துளி எலுமிச்சைச் சாறு, ஒன்றில் கால் டீஸ்பூன் சோயா சாஸ், ஒன்றில் சிறு துண்டு வெண்ணெய் போட்டு மாறி மாறிச் சுவையுங்கள். எது உங்களை அந்த வீட்டுக்கு ஒரு அடி பக்கத்தில் கொண்டுபோகிறதோ, அதை வைத்துக்கொண்டு அடுத்த மாற்றத்தைப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். ஒரு ஸ்பூனை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தும் பாருங்கள். அப்போது உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, உமாமி, கனம் இவை மட்டும்தான் தெரியும். அவை நினைவோடு பொருந்தினால், குறைவது வாசனையில் என்று அர்த்தம். இலைகளையும் வறுவலையும் கவனியுங்கள்.

எனக்கு எலுமிச்சைக் கிண்ணத்தில் விடை கிடைத்தது. மாமாவுக்கும் ஒரு ஸ்பூன் கொடுத்தேன். "ஆமாம்மா, இதான்" என்றார். அப்போதுதான் அத்தை கிண்ணத்தில் ஊற்றிய பிறகு ஏதோ பிழிவார்கள் என்பதே அவருக்கு ஞாபகம் வந்தது.

புளிப்பைப் பற்றி ஒன்று: அது சீக்கிரம் சேர்ந்தால் காயும் பயறும் சீக்கிரம் மசியாது. பழைய சூப்பில் உருளைக்கிழங்கு உருக்குலையாமல் நின்றது என்றால் தக்காளியை முன்னாலேயே போட்டிருக்கலாம். எலுமிச்சையின் மணம் கொதியில் போய்விடும் என்பதால் அது எப்போதும் கடைசியில்தான்.

நினைவில் இருக்கும் இனிப்பை மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் நம் எல்லோருக்கும் இனிப்பு அதிகம் பிடிக்கும், கசப்பு உறுத்தும். அந்த வயதின் நாக்கு சொன்னதை நம்பி கேரட்டை இரட்டிப்பாக்குவதற்கு முன், பெரியவர்களாக அந்த சூப்பைக் குடித்த யாரையாவது கேட்டுவிடுங்கள்.

இப்போது நான் வைக்கும் முறை

ஆறு கிண்ணத்துக்கு. கழுத்தும் முதுகும் இறக்கையுமாகக் கோழி எலும்பு 1 கிலோ, தண்ணீர் 2¼ லிட்டர், வெங்காயம் 200 கிராம், கேரட் 150, செலரி 80, பார்லி 125, தக்காளி பேஸ்ட் 30, வெண்ணெய் 25 கிராம், பிரிஞ்சி இலை ஒன்று, இடித்த மிளகு ஒரு டீஸ்பூன், உப்பு, ஒரு எலுமிச்சை.

எலும்பை ஈரம் போகத் துடைத்து, அடி கனமான பாத்திரத்தில் பாதி வெண்ணெயோடு போட்டு நடுத்தரத் தீயில் திருப்பித் திருப்பிப் பழுப்பாக்குங்கள். ஈரம் இருந்தால் வேகுமே தவிர வறுபடாது. இருபது நிமிடம் ஆகும், அவசரப்பட வேண்டாம். ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு அடியைச் சுரண்டி, மீதித் தண்ணீரையும் இலையையும் சேர்த்து, கொதி வரும்போது நுரையை எடுத்துவிட்டு, தீயைக் குறைத்து மூடியைச் சற்றுத் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் விடுங்கள். வடிகட்டினால் 1¾ லிட்டர் அளவு நிற்க வேண்டும், குறைந்தால் தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். எலும்பில் இருக்கும் கறியைப் பிய்த்துத் தனியே வையுங்கள்.

அதே பாத்திரத்தில் மீதி வெண்ணெய், பொடியாக நறுக்கிய வெங்காயம், செலரி. வெங்காயம் பொன்னிறத்தைத் தாண்டி லேசான பழுப்புக்கு வரட்டும். தக்காளி பேஸ்டைப் போட்டுச் செங்கல் நிறம் வரும்வரை கிளறி, பார்லியைச் சேர்த்து ஒரு நிமிடம் புரட்டி, ஸ்டாக்கை ஊற்றி மறுபடியும் அடியைச் சுரண்டுங்கள். 12 கிராம் உப்பு போட்டுத் தொடங்குங்கள். தோல் நீக்கிய முத்துப் பார்லி என்றால் 40 நிமிடத்தில் வெந்துவிடும், முழுப் பார்லிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கேரட்டைக் கடைசி 15 நிமிடத்தில் போட்டால் துண்டு துண்டாக நிற்கும். கறியும் மிளகும் இறக்கும்போது.

இதை அன்றே குடிக்கலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு இரவு போனால் பார்லியின் பசை சூப்பில் இறங்கி, தனித்தனியாக நின்ற மணங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. மறுநாள்தான் தருவேன் என்ற அத்தையின் பிடிவாதத்தை நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். இரவு முழுக்க அடுப்பு மேடையில் மட்டும் விடாதீர்கள். பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மூன்று நான்கு நாள் தாங்கும்.

சரியாக வந்த அன்றே எழுதிவிடுங்கள். அளவைக் கிராமில் எழுதுங்கள். பாத்திரத்தின் அகலம், தீயின் அளவு, வெங்காயம் எந்த நிறத்தில் நின்றபோது அடுத்ததைப் போட்டீர்கள், எப்போது என்ன வாசனை வந்தது, எதைச் சுரண்டினீர்கள் எல்லாம் வரட்டும். முடிந்தால் வெங்காயத்தையும் வடிகட்டிய ஸ்டாக்கையும் போட்டோ எடுத்துச் சேர்த்து வையுங்கள். "பொன்னிறம்" என்று நான் சொல்வதும் நீங்கள் சொல்வதும் வேறாக இருக்கலாம், போட்டோவில் அந்தக் குழப்பம் இல்லை.

நிறைய வைத்து ஃப்ரீசரில் எடுத்துவைக்க நினைத்தால் பார்லி சேர்க்காத ஸ்டாக்கை மட்டும் வையுங்கள். பார்லி உறைந்து உருகினால் குழைந்துவிடும். ஃப்ரிட்ஜில் இருந்த சூப் மறுநாள் கெட்டியாகியிருக்கும், அரைக் கப் தண்ணீர் விட்டு நன்றாகக் கொதிக்கவைத்து, அப்புறம் உப்பு பாருங்கள். எலுமிச்சையை ஒவ்வொரு கிண்ணத்திலும் தனித்தனியாகப் பிழியுங்கள், ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாகப் போதும்.